“என்ன கேஸ்?”

அரசு மருத்துவமனையின் நடைகளில் நாள்தோறும் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: “என்ன கேஸ்?” இரவுப் பணி முடித்துச் செல்லும் செவிலியரிடம் காலைப் பணிக்கு வருபவர் இதைக் கேட்டால், “குடல்வால் ஆபரேஷன், இரண்டாம் நாள்” என்றோ, “சர்க்கரை நோய், காலில் புண்” என்றோ பதில் வரும். அதே கேள்வியைக் காவலர் ஒருவர் மற்றொரு காவலரிடம் கேட்டால், “அடிதடி” என்றோ “திருட்டு” என்றோ பதில் வரும். ஒருவருக்கு அச்சொல் நோயைக் குறிக்கிறது. மற்றவருக்கு வழக்கைக் குறிக்கிறது. இவ்விரு பொருள்களும் ஒரே கட்டிலில் வந்து சேரும் இடம் ஒன்று மருத்துவமனையில் இருக்கிறது. அதற்குக் கைதிகள் வார்டு என்று பெயர்.

செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வரும் நாம், அந்த வார்டின் வாசலில் அக்கேள்வியைத் தவறான பொருளில் கேட்டுவிட்ட ஒரு நாளைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். நம் தவற்றைப் பறைசாற்றுவதில் நமக்கு விருப்பம் ஏதுமில்லை. ஆயினும், அந்தத் தவறுதான் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. அன்று முதல் நாம் மாணவியருக்குக் கற்பித்து வருவதும் அந்தப் பாடத்தையே.

இரும்புக் கம்பிக் கதவு. அதன் முன்னே ஒரு மர பெஞ்சு. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் ஆயுதப்படைக் காவலர் இருவர். உள்ளே ஆறு கட்டில்கள். அதுதான் அந்த வார்டு. பொது மருத்துவம், அறுவைப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, பிரசவ அறை எனச் சுழன்று வரும் நம் பயிற்சிப் பட்டியலில் அதற்கு இடமிருந்ததில்லை. அந்தக் கதவைக் கடக்கும்போது மாணவியர் நடையை விரைவுபடுத்துவார்கள். நாமும் அப்படித்தான் விரைவோம்.

2009ஆம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமைக் காலை. ஆள் பற்றாக்குறையால் தவித்த பொறுப்புச் செவிலியர், “இரண்டு பிள்ளைகளை அனுப்புங்களேன், காய்ச்சலும் நாடியும் மட்டும் பார்த்து எழுதினால் போதும்” என்று கேட்டார். மறுக்க மனமில்லாமல் மாணவியர் இருவரை அழைத்துக்கொண்டு நாமும் சென்றோம்.

மூன்றாம் கட்டிலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிடந்தார். வாந்தியும் வயிற்று வலியும் என்று முந்தின இரவு கிளைச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர். வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தோடு விலங்கிடப்பட்டிருந்தது. உடல் வியர்த்திருந்தது, விரல்கள் நடுங்கின, கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாம் அவர் பக்கம் திரும்புவதற்கு முன் காவலர் பக்கம் திரும்பி, “என்ன கேஸ் சார்?” என்று கேட்டோம்.

காவலர் சொன்னார். அவர் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அன்று நமக்கு நேர்ந்ததே இதைப் படிக்கும் அன்பர்களுக்கும் நேரக்கூடும். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும், கட்டிலில் கிடந்தவர் நம் கண்ணுக்கு நோயாளியாகத் தெரியாமற் போனார். “எல்லாம் நடிப்பு சிஸ்டர். உள்ளே போக மனசில்லாம இங்கேயே படுத்துக்கப் பார்க்கிறான்” என்று காவலர் சேர்த்துச் சொன்னதை நாம் அப்படியே ஏற்றுக்கொண்டோம். நாடித் துடிப்பு மிகுந்திருந்ததைக் குறித்தோம். நடுக்கத்தில் அவரால் கையை அசையாமல் வைக்க முடியவில்லை. எனவே குறிப்பேட்டில், “நோயாளி ஒத்துழைக்கவில்லை” என்று எழுதினோம்.

உடன் வந்த மாணவியருள் ஒருத்தி வகுப்பில் வாய் திறவாதவள். அவள் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். “மிஸ், இவர் கடைசியாக் குடிச்சது எப்பன்னு கேட்கலாமா?”

“ஏன்?”

“எங்கப்பா குடியை நிறுத்துற போதெல்லாம் ரெண்டாம் நாள் இப்படித்தான் கை நடுங்கும் மிஸ். ஒரு தடவை வலிப்பே வந்துடுச்சு.”

“முதலில் மற்றக் கட்டில்களைப் பார்” என்றோம் நாம்.

அவள் மற்றக் கட்டில்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நம் கண்ணில் படாமல் மூன்றாம் கட்டிலுக்கே திரும்பிச் சென்று அம்மனிதரிடம் கேட்டிருக்கிறாள். கைதான சனிக்கிழமை மாலைவரை நாள் தவறாமல் குடித்தவர். அதன் பின் ஒரு துளியும் இல்லை. அதை ஒரு தாளில் எழுதி நம்மிடம் நீட்டினாள். டாக்டர் வரும்போது சொல்வோம் என்று அத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

டாக்டர் வருவதற்கு முன் வலிப்பு வந்துவிட்டது.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இது முதலாண்டு மாணவிக்கும் தெரிந்த பாடம். ஆனால், கட்டிலோடு பிணைக்கப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஒருவரை எப்படித் திருப்புவது? விலங்கின் சாவி இரண்டாம் காவலரிடம் இருந்தது. அவர் தேநீர் அருந்தப் போயிருந்தார். ஒருவர் ஓடிப்போய் அவரை அழைத்து வரும்வரை, அந்த இரும்பு வளையம் ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டை அறுத்தது. அந்த மாணவி மட்டும் தரையில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் அவருடைய தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாந்தி அவள் வெள்ளைச் சீருடையில் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

பணி மருத்துவர் ஓடிவந்தார். டயசிபாம் ஊசியும், பின்னர் தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் போடப்பட்டன. மணிக்கட்டில் தையல் போட்டார்கள். அடுத்த இரண்டு நாட்களும் அவர் இல்லாத மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் தெளிந்து எழுந்தார். கைக்கட்டைப் பார்த்தார், அருகில் நின்ற மாணவியைப் பார்த்தார். அவர் கேட்ட முதற்கேள்வி இது: “யாரையாச்சும் அடிச்சுட்டேனாம்மா?”

“இல்லய்யா, யாரையும் அடிக்கல” என்றாள் அவள்.

அவள் சொன்னது உண்மை. அந்த நாட்களில் அந்த வார்டில் அவர் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. அவருக்குத் தீங்கு நேர நாம் இடங்கொடுத்துவிட்டோம்.

குடிக்கு அடிமையானவர் திடீரென அதை நிறுத்தும்போது வரும் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் மருத்துவம் நன்கறிந்தவை. வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். பிதற்றல் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் தலைகாட்டும். கவனியாது விட்டால் உயிரையும் பறிக்கக்கூடும். கைது என்பது ஒரு மனிதரை வீட்டிலிருந்து மட்டும் பிரிப்பதில்லை. அவர் நாள்தோறும் போட்டுக்கொண்ட இன்சுலினிலிருந்தும், வலிப்பு மாத்திரையிலிருந்தும், காசநோய் மருந்திலிருந்தும் பிரித்துவிடுகிறது. ஆகவேதான் சிறையின் முதல் சில நாட்கள் உடலுக்கு ஆபத்தானவை; அவமானமும் அச்சமும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் நாட்களும் அவையே. இவ்வளவும் நம் பாடநூல்களில் சிதறிக் கிடந்தவைதாம். ஆயினும், இவற்றை ஒரு சிறைவாசியின் கட்டிலருகே கொண்டுவந்து சேர்த்துப் பார்க்க நாம் கற்பித்ததில்லை. அந்த மாணவி அதைத் தன் வீட்டின் துன்பத்திலிருந்து கற்றிருந்தாள்.

அந்த மாதம் ஒப்புரவு அருட்சாதனத்தில் இதனை அறிக்கையிட்டோம். வயதான பங்குத்தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இனி உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தரப்போகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியையே நமக்கிட்ட பரிகாரமாக ஏற்றுக்கொண்டோம். அடுத்த கல்வியாண்டு முதல், பள்ளியின் இசைவோடும் மருத்துவமனையின் அனுமதியோடும், மூன்றாமாண்டு மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு வாரம் கைதிகள் வார்டில் பயிற்சி பெறுகின்றனர்.

முதல் ஆண்டே எதிர்ப்பு வந்தது. ஒரு மாணவியின் தந்தை நேரில் வந்தார். கடன் வாங்கி மகளைப் படிக்க வைக்கும் விவசாயி. “திருடனுக்கும் கொலைகாரனுக்கும் ஊழியம் பண்ணவா டீச்சர் என் பிள்ளையைப் படிக்க அனுப்பினேன்?” என்று கேட்டார். பாதுகாப்பைப் பற்றிய அவருடைய கவலை நியாயமானது. எந்த மாணவியும் தனியே உள்ளே போகமாட்டாள், காவலரின் பார்வைக்கு அப்பால் நிற்கமாட்டாள், கத்தரிக்கோலையும் ஊசிகளையும் எண்ணி எடுத்துச் சென்று எண்ணியே திரும்பக் கொண்டுவருவாள் என்று விளக்கினோம். அவர் கேள்வியின் மறுபாதிக்குப் பதில் சொல்வது அத்தனை எளிதாக இல்லை.

நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர் அல்லர் என்பது ஒரு பதில். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் மூவர், விசாரணை முடியாதவர்கள். ஆனால், இந்தப் பதிலோடு நின்றுவிட்டால் அது முழுமையாகாது. நான்காமவர் உண்மையிலேயே குற்றம் புரிந்தவர் எனில் அவருக்குப் புண் வலிக்காதா? நீதிமன்றம் அவருக்கு விதித்தது சிறை. காசநோயையோ, மருந்தில்லா இரவையோ, அறுபட்ட மணிக்கட்டையோ எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லை. எழுதப்படாத தண்டனையை நிறைவேற்றும் அதிகாரம் செவிலியருக்குக் கிடையாது.

குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களை நாம் மறந்துவிடவில்லை. அவர்களுக்கு நீதி கிடைக்க வேண்டும். அதை வழங்க வேண்டிய இடம் நீதிமன்றம். காய்ச்சல் பார்க்கும் கை அந்த நீதியைத் தன் பங்குக்கு வழங்க முற்பட்டால், மருத்துவமனையும் கெடும், நீதியும் கெடும். 1989ஆம் ஆண்டு பரமானந்த கட்டாரா வழக்கில் நம் உச்சநீதிமன்றம், குற்றமற்றவராயினும் குற்றவாளியாயினும் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று தெளிவுபடுத்தியது. அந்தத் தந்தை முழுமையாக மனம் மாறினார் என்று சொல்ல மாட்டோம். “நீங்க கூட இருப்பீங்கள்ல?” என்று கேட்டுக் கையெழுத்திட்டுச் சென்றார்.

அந்த ஒரு வாரத்தில் நாம் கற்பிப்பது அதிகமில்லை. முதலாவது, எவரிடம் முதலில் பேசுவது என்பது. காவலரிடம் கேட்க வேண்டியதும் உண்டு: இவர் எவரையாவது தாக்க முயன்றாரா, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டாரா என்பன. அது நம் பாதுகாப்புக்கும் அவர் பாதுகாப்புக்கும் தேவை. எந்தச் சட்டப்பிரிவில் கைதானார் என்பது கட்டுப் போடுவதற்குத் தேவையில்லை. நோயாளியிடம் கேட்க வேண்டியவை மூன்று: கடைசியாகக் குடித்தது எப்போது, தினமும் சாப்பிடும் மாத்திரை எவை, வாழ்க்கை வெறுத்துப்போகிறதா? உடல்நலமில்லை என்று ஒரு சிறைவாசி சொன்னால் தாமதமின்றி அதை மேலே தெரிவிக்க வேண்டும் என்று 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே விதித்திருக்கிறது. அவர் நடிக்கிறாரா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அது காவலுக்கு நிற்பவரிடம் ஒப்படைக்கவில்லை.

இரண்டாவது, காவலரை எப்படி நடத்துவது என்பது. அவரும் இரவெல்லாம் கண்விழித்தவர். கைதி தப்பினால் வேலை போகும் என்ற அச்சத்தில் இருப்பவர். அவரோடு சண்டையிடுவதால் பயனில்லை. “அண்ணே, நீங்க பார்க்கிற மாதிரி நில்லுங்க, நாங்க பேசுறது கேட்காத தூரத்துல நில்லுங்க” என்று பணிவோடு கேட்க மாணவியரைப் பழக்குகிறோம். எல்லாக் காவலரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால், கேட்டுப் பார்க்கும் மாணவிக்குப் பெரும்பாலும் ஐந்தடி இடமாவது கிடைக்கிறது. காவலர் காதருகே நிற்கும்போது எந்த நோயாளியும் தன் உடற்காயம் எப்படி வந்தது என்று சொல்லமாட்டார்.

மூன்றாவது, விலங்கு. 1980ஆம் ஆண்டு பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், விலங்கிடுவதை வாடிக்கையாக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995ஆம் ஆண்டு, அசாமில் மருத்துவமனைக் கட்டில்களோடு விலங்கிட்டுப் பிணைக்கப்பட்டிருந்த சிறைவாசிகளைப் பற்றிய வழக்கில், நடுவரின் ஆணையின்றி இவ்வாறு விலங்கிடலாகாது என்று மீண்டும் வலியுறுத்தியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சில வகைக் குற்றங்களில் கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் நிறுத்தும்போதும் விலங்கிட இடமளிக்கிறது. மருத்துவமனைக் கட்டிலைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. எனவே மாணவி செய்ய வேண்டியது எளிது: விலங்கு கண்டால் டாக்டரிடம் சொல், குறிப்பேட்டில் எழுது, சாவி எவரிடம் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்.

நான்காவது, வெளியே போகும் நாள். ஜாமீன் கிடைத்தவர் மகிழ்ச்சியில் பறந்துவிடுவார். அவருடைய மாத்திரை சிறையிலேயே தங்கிவிடும். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்துண்ண வேண்டும். நடுவில் நின்றால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அது வீட்டாரையும் பற்றும். ஆகவே ஒவ்வொரு மாணவியும் தன் நோயாளிக்கு, அவர் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரையும் மருந்தின் பெயரையும் தெளிவான தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டே அந்த வாரத்தை முடிக்கிறாள்.

இத்தனைக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: செவிலியர் எவருக்குப் பணியாள்? நம் திருச்சபை சிறைவாசிகளின் பாதுகாவலராகப் போற்றும் புனித மாக்சிமிலியன் கோல்பே, 1941 ஆகஸ்டு 14 அன்று அவுஷ்விட்ஸ் முகாமில் கார்பாலிக் அமில ஊசியால் கொல்லப்பட்டார். நலம் தரும் ஊசி அங்கே சிறைக்காவலரின் ஆயுதமாயிற்று. அவர் புனிதராக உயர்த்தப்பட்ட 1982ஆம் ஆண்டிலேயே, சிறைவாசிகளிடம் மருத்துவப் பணியாளர் நடந்துகொள்ள வேண்டிய அறநெறிகளை ஐக்கிய நாடுகள் அவை ஏற்றது. 2015ஆம் ஆண்டு அந்த அவை வகுத்த 122 விதிகள் நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கியுள்ளன. அவரும் 1988இல், சிறையில் இருந்தபோதே, காசநோய் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் உள்ளே இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்றும், மருத்துவ முடிவுகளைச் சிறை அலுவலர் மாற்றலாகாது என்றும், பிரசவ வேளையில் பெண்ணுக்கு விலங்கிடவே கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

இறுதித் தீர்வை நாளைப் பற்றிய மத்தேயு நற்செய்திப் பகுதியை ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கிறோம். அதில் நோயுற்றோரைக் கவனிப்பதும் சிறையிலிருப்போரைத் தேடிச் செல்வதும் அடுத்தடுத்து வருகின்றன. நாம் அவற்றை இரு வேறு பணிகளாகவே எண்ணியிருந்தோம். முதலாவதை நம் தொழிலாகச் செய்தோம். இரண்டாவதற்கு ஆகஸ்டு மாத உண்டியலில் காணிக்கை போட்டோம். அவ்விருவரும் ஒரே ஆளாக மூன்றாம் கட்டிலில் கிடந்தபோது, நமக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த மாணவி இன்று வேறொரு மாவட்டத்தில் அரசுச் செவிலியராக இருக்கிறாள். அவள் தந்தை பின்னாளில் குடியை விட்டாராம். இம்முறை மருத்துவமனையில் சேர்த்து, முறையாக. அவள் எழுதித் தந்த தாளை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். ஆண்டுதோறும், கைதிகள் வார்டுக்குப் போகும் நாளுக்கு முந்தின மாலை, புதிய மாணவியரிடம் அதைக் காட்டி, அதைப் பையில் மடித்து வைத்தவர் யார் என்பதையும் சொல்கிறோம்.

சென்ற மாதம் ஒரு குழுவோடு சென்றிருந்தோம். கம்பிக் கதவைத் திறந்த இளங்காவலர், கேட்பதற்கு முன்பே, “இவன் கேஸ் என்னன்னா சிஸ்டர்...” என்று தொடங்கினார்.

“அது இருக்கட்டும் அண்ணே” என்றாள் நம் மாணவி. பின்பு கட்டிலில் கிடந்தவர் பக்கம் திரும்பினாள். “ஐயா, காய்ச்சல் எப்போலருந்து இருக்கு?”